பெய்ட்காஸ்டிங் ரீல்: தேர்ந்தெடுப்பதும் வீச்சுக்கு ஏற்ப அமைப்பதும்

தூண்டில் கோலில் பொருத்தி மீன்பிடிக்கப் பயன்படும் பெய்ட்காஸ்டிங் ரீலை முதன்முதலாக எடுத்து வீசும்போது ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது. செயற்கை இரை பத்து மீட்டர்கூடப் போகாமல் தண்ணீரில் தொப்பென்று விழுகிறது; ரீலின் மேல் தூண்டில் நரம்பு கோழி கிளறிய நூல்போலப் பொங்கி நிற்கிறது. அந்தச் சிக்கைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடுவதால், இந்த ரீல் கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று முடிவுகட்டிப் பலரும் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இந்த முடிவு தவறானது என்பதே என் உறுதியான எண்ணம். சிக்கு ஏன் விழுகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட ஒருவரால், எந்த ரீலை வாங்க வேண்டும் என்பதையும் அதிலுள்ள திருகுகளை எப்படி வைக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் தானாகவே ஊகித்துக்கொள்ள முடியும். ஆகையால் முதலில் சிக்கைப் பற்றியே பேசலாம்.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில், நரம்பு சுற்றப்பட்டிருக்கும் உருளை வீசும்போது அசையாமல் நிற்கும். நரம்பு மட்டும் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உதிர்ந்து செல்லும். பெய்ட்காஸ்டிங் ரீலில் அப்படி இல்லை. இங்கே உருளை கோலுக்குக் குறுக்காகக் கிடக்கிறது. பறந்து செல்லும் இரை நரம்பை இழுக்க, நரம்பு உருளையைச் சுழற்றுகிறது. கிணற்று ராட்டினத்தில் வாளியை விட்டால் ராட்டினம் சுழல்வதைப் போன்ற இயக்கம் இது. உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் என்றும், இரை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால், உருளை நொடிக்கு 200 முறை, அதாவது நிமிடத்துக்கு 12,000 முறை என்ற வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். இந்த வேகத்தை அது கண் இமைக்கும் நேரத்தில் எட்டிவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோலை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே காற்றின் தடையால் இரையின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. உருளையோ, ஒருமுறை சுழலத் தொடங்கிய பிறகு, தன்னைத் தடுக்க எதுவும் இல்லாதவரை அதே வேகத்தில் சுழலவே முயல்கிறது. இரை எடுத்துக்கொள்வதைவிட அதிகமான நரம்பை உருளை அவிழ்த்துவிடும்போது, போக இடமில்லாத அந்த உபரி நரம்பு உருளையின் மேலேயே தளர்ந்து எழுந்து, தன்மேல் தானே சுற்றிக்கொள்கிறது. இதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள். தோற்றத்தை வைத்துப் பறவைக்கூடு என்று அழைப்பதும் உண்டு. இந்த ரீலில் உள்ள எல்லாத் தடுப்பு அமைப்புகளும், உங்கள் கட்டைவிரல் உட்பட, உருளையின் வேகத்தை இரையின் வேகத்துக்கு மேல் போகவிடாமல் பிடித்துவைப்பதற்காகவே இருக்கின்றன.

இவ்வளவு தொல்லை இருந்தும் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் இந்த ரீலை விடாமல் பயன்படுத்துவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் பெரிய வாய் பாஸ், திறந்த நீரில் திரிவதைவிட நீர்ச்செடிகளுக்கும், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கும், படகுத்துறைத் தூண்களுக்கும் நடுவே பதுங்கியிருந்து இரையைத் தாக்கும் பழக்கம் உடையது. அங்கே இரையைச் சொன்ன இடத்தில் விழச் செய்ய வேண்டும். மீன் கவ்விய உடனே, அது செடிக்குள் புகுந்து நரம்பைச் சுற்றிக்கொள்வதற்குள், தடித்த நரம்பால் வலிந்து இழுத்தாக வேண்டும். உருளையின் மேல் விரல் இருப்பதால் பறக்கும் இரையை நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது. நரம்பு திசை திரும்பாமல் நேராக உருளையில் ஏறுவதால் தடித்த நரம்பும் பெரும் இழுவிசையும் இந்த ரீலுக்குச் சுமையாவதில்லை.

இந்தக் கருவியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் பல்சக்கர ரீலை அமெரிக்காவில் முதலில் செய்தவராகக் கருதப்படும் ஜார்ஜ் ஸ்னைடர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் கடிகாரம் செய்துவந்தவர். மையவிலக்கு பிரேக்குடன் 1950களில் வெளிவந்து புகழ்பெற்ற அம்பாசடர் ரீல்களைத் தயாரித்த ஸ்வீடனின் ஆபு நிறுவனமும், 1921இல் ஒரு கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கப்பட்டதே. நுண்ணிய பல்சக்கரங்களையும் உராய்வு குறைந்த அச்சுகளையும் செய்யத் தெரிந்த கைகளே இந்த ரீலை உருவாக்கின என்பதை நினைவில் வைத்தால், அதன் திருகுகளை எவ்வளவு மெல்லத் திருப்ப வேண்டும் என்பதும் விளங்கும்.

வாங்கும்போது கண்ணில் முதலில் படும் எண், 6.3:1 அல்லது 7.1:1 என்று அச்சிடப்பட்டிருக்கும் கியர் விகிதம். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை எத்தனை முறை சுழலும் என்பதே அதன் பொருள். 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை முழுவதும் நரம்பு நிறைந்திருந்தால், ஒரு சுற்றுக்கு 5.4:1 ரீல் சுமார் 58 சென்டிமீட்டரும், 7.1:1 ரீல் சுமார் 76 சென்டிமீட்டரும், 8.1:1 ரீல் சுமார் 86 சென்டிமீட்டரும் நரம்பை உள்ளே இழுக்கும். வேகம் கூடக் கூட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மேட்டில் ஏறும் சைக்கிளுக்கு இலகுவான கியர் தேவைப்படுவதைப் போல, ஆழத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு வரும் கிராங்க்பெய்ட் என்னும் பெரிய செயற்கை இரையை நாளெல்லாம் இழுப்பதற்குக் குறைந்த விகிதமே கைக்கு இதமாக இருக்கும். மாறாக, எடையுள்ள தலை கொண்ட முள்ளான ஜிக், மென்பிளாஸ்டிக் புழு போன்ற இரைகளைக் கோலின் அசைவாலேயே நகர்த்துகிறோம். ரீலின் வேலை தளர்ந்த நரம்பைச் சட்டென்று சுருட்டுவது மட்டுமே என்பதால், அங்கே 8:1க்கு அருகிலுள்ள விகிதம் கைகொடுக்கும். முதல் ரீலையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப் போகிறவர் 6.3:1 முதல் 7.1:1 வரை உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது; வேகமான ரீலை மெதுவாகச் சுற்றலாம் என்றாலும், இரையை மெதுவாக இழுத்துப் பழகாத கை எப்போதும் அவசரப்படும்.

கியரைவிடப் புதியவருக்கு முக்கியமானது பிரேக்கின் வகை. காந்தப் பிரேக்கில், அலுமினிய உருளைக்கு அருகே சிறு காந்தங்கள் இருக்கும். உருளை காந்தப்புலத்தில் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். எதுவும் எதையும் தொடாமலே நிகழும் இந்தத் தடையின் அளவு, உருளையின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெளியிலுள்ள வட்டத் திருகைச் சுற்றினால் காந்தங்கள் உருளையை நெருங்கும் அல்லது விலகும். மையவிலக்கு பிரேக்கில், உருளையோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகள் வெளிப்புறமாக வீசப்பட்டு ஒரு வளையத்தில் உராய்கின்றன. அவற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், வேகம் உச்சத்தில் இருக்கும் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடும். அதனால்தான் தொலைவாக வீச விரும்புபவர்கள் மையவிலக்கு பிரேக்கைப் புகழ்கிறார்கள். ஆனால் பல மாதிரிகளில் அதை மாற்றுவதற்குப் பக்கத் தகட்டைக் கழற்றி, கட்டைகளை ஒவ்வொன்றாக இயக்கவோ நிறுத்தவோ வேண்டும். அப்போதும் எதிரெதிராக அமைந்தவற்றைச் சேர்த்தே மாற்றினால்தான் உருளை அதிராமல் சுழலும். காற்றும் இரையும் மாறும்போதெல்லாம் பிரேக்கை மாற்றிப் பார்த்தே கற்க வேண்டிய புதியவருக்கு, வெளியிலிருந்தே திருப்பக்கூடிய காந்தப் பிரேக்கையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, ஒரு நுண்கணினியின் துணையால் தடையைக் கூட்டிக் குறைக்கும், ஷிமானோ நிறுவனத்தின் டிசி வகை ரீல்களும் உண்டு. அவை நன்றாக வேலை செய்கின்றன என்றாலும், கட்டைவிரலைப் பழக்குவதற்கு அவை கட்டாயமில்லை.

அளவைப் பொறுத்தவரை, பல தயாரிப்பாளர்கள் 100 அல்லது 150 என்று குறிக்கும் தாழ்ந்த உடலமைப்புள்ள ரீலே பாஸ் மீனுக்குப் பொதுவானது. உருளையின் கொள்ளளவு 12/120 என்பதுபோல் எழுதப்பட்டிருந்தால், 12 பவுண்டு தாங்கும் நரம்பு 120 கெஜம் பிடிக்கும் என்று பொருள். உருளை இலேசாக இருந்தால் அது விரைவில் சுழலத் தொடங்கி, விரைவில் நிற்கவும் செய்யும் என்பதால், பெரிய உருளையைத் தேடிப் போக வேண்டாம். பந்துத் தாங்கிகளின் எண்ணிக்கையை விளம்பரங்கள் பெரிதாகச் சொன்னாலும், உருளையின் இரு முனைகளையும் தாங்கும் தாங்கிகளின் தரமே வீச்சைத் தீர்மானிக்கிறது. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை வழுக்கிச் செல்லவிடும் அமைப்பான டிராக்கின் உச்ச வலிமையைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததும், 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்ததுமான உலகச் சாதனை பாஸ் மீன்களே சுமார் 10 கிலோ எடையுள்ளவைதாம். வழக்கமாகக் கிடைப்பவை அதில் ஒரு சிறு பங்கே.

கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கடையிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் முடிவதைப் போல இதில் கைப்பிடியைப் பிறகு மாற்றிப் பொருத்த முடியாது. வலது கையால் வீசி, கோலைக் கைமாற்றாமல் இடது கையால் சுற்ற விரும்புபவர் இடக்கைக் கைப்பிடி உள்ளதை வாங்க வேண்டும். கோலும் இந்த ரீலுக்கென்றே செய்யப்பட்டதாக, ஏழடி நீளமும் நடுத்தரத்துக்குச் சற்று மேற்பட்ட விறைப்பும் உடையதாக இருந்தால் பெரும்பாலான இரைகளுக்குப் போதுமானது.

இனி ரீலை அமைப்பதற்கு வருவோம். கற்கும் காலத்தில் 12 முதல் 14 பவுண்டு தாங்கும் ஒற்றை இழை நைலான் நரம்பே சிறந்தது. புளூரோகார்பன் நரம்பு விறைப்பு மிகுந்தது. சிக்கு விழுந்து மடிந்த இடத்தில் பலவீனமாகி, பிறகு மீன் இழுக்கும்போது அங்கேயே அறுந்துவிடக்கூடும். பின்னல் நரம்பு வலிமையானது என்றாலும், அதன் சிக்கு மிக இறுக்கமாக விழும். நேரடியாக உருளையில் கட்டினால் வழுக்கிச் சுழலும் என்பதால், அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிக்கொள்வதும் அவசியம். எந்த நரம்பானாலும் உருளையின் விளிம்புக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே வரும்வரை, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் தளர்ந்த வளையங்கள் எளிதில் வழிந்து சிக்காகும்; மிகவும் குறைவாக விட்டால் வீச்சின் தொலைவு குறையும்.

அடுத்தது, கைப்பிடிப் பக்கத்தில் நட்சத்திர வடிவ டிராக் சக்கரத்துக்கு அருகே உள்ள சிறிய திருகு. இது உருளையின் அச்சை இரு முனையிலும் அழுத்துவதால், வேகம் எப்படி இருந்தாலும் ஒரே அளவான உராய்வைத் தருகிறது. இதை அமைப்பதற்கு, அன்று பயன்படுத்தப் போகும் இரையையே கட்டி, கோலின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, கோலைத் தலைக்கு மேல் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். பிறகு கட்டைவிரல் பொத்தானை அழுத்தி உருளையை விட்டால், இரை விழுந்தோடாமல் நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டபின் உருளை ஒரு சுற்றுக்கு மேல் சுழலாமல் நிற்க வேண்டும். இரை இறங்கவே மறுத்தால் திருகைத் தளர்த்தவும், தடதடவென்று விழுந்தால் இறுக்கவும் வேண்டும். இரையின் எடை மாறும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும். 14 கிராம் இரைக்கு வைத்த அளவிலேயே 21 கிராம் இரையை வீசினால் என்ன ஆகும் என்பதை ஒரே வீச்சில் தெரிந்துகொள்ளலாம். அனுபவம் மிக்கவர்களில் பலர், உருளை பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் இந்தத் திருகை வைத்துவிட்டு, மீதியைப் பிரேக்கிடமும் விரலிடமும் ஒப்படைத்துவிடுவார்கள். அதிகத் தொலைவுக்கு அந்த முறையே ஏற்றது. ஆனால் முதல் சில நாட்களுக்கு இரை மெல்ல இறங்கும் முறையே பாதுகாப்பானது.

பிரேக்கை உச்ச அளவுக்கு அருகில், 10 வரை எண்ணிட்ட திருகானால் 8இல் வைத்துத் தொடங்கலாம். 10 முதல் 18 கிராம் வரையுள்ள, காற்றில் புரளாமல் பறக்கக்கூடிய இரை கற்பதற்கு உகந்தது. 7 கிராமுக்குக் கீழே போனால் உருளையைச் சுழற்ற இரைக்கே வலு போதாது. முதல் வீச்சுகளில் 15 மீட்டர் போனால் போதும் என்று வைத்துக்கொண்டு, தொடர்ந்து பல வீச்சுகள் சிக்கில்லாமல் வந்த பிறகு பிரேக்கை ஒரே ஒரு எண் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்துக்கொண்டே வரும்போது, ஒரு கட்டத்தில் உருளையின் மேல் நரம்பு இலேசாகப் பொங்கி எழுவது கண்ணுக்குத் தெரியும். அதுவே அந்த இரைக்கும் அந்தக் கைக்கும் உரிய எல்லை. அங்கிருந்து ஒரு எண் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

எந்த அமைப்பும் கட்டைவிரலின் வேலையை முழுவதுமாகச் செய்துவிடாது. இரை தண்ணீரைத் தொட்டதும் அதன் வேகம் உடனே இல்லாமல் போகிறது. உருளைக்கு அது தெரியாது. ஆகவே இரை நீரைத் தொடும் கணத்திலோ, அதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னரோ விரலால் உருளையை அழுத்தி நிறுத்திவிட வேண்டும். இரை பறக்கும்போது விரல் உருளையை அழுத்தாமல், மேலெழும் நரம்பை உணரும் அளவுக்கு மட்டும் தடவிக்கொண்டிருக்க வேண்டும். வீசுவதிலும் வெடுக்கென்ற அசைவு கூடாது. இரையின் எடையால் கோல் பின்புறம் வளைவதை உணர்ந்த பிறகு, அந்த வளைவே இரையை எடுத்துச் செல்லும்படி சீராக முன்னே கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் முள் இல்லாத பயிற்சி எடையைக் கட்டி, புல்தரையில் பழகிக்கொள்வது நேரத்தையும் இரைகளையும் மிச்சப்படுத்தும்.

சிக்கு விழும்போது அது எந்த இடத்தில் விழுந்தது என்பதைக் கவனிப்பவர்கள் வேகமாகக் கற்கிறார்கள். இரை புறப்பட்ட உடனேயே விழுந்தால், பிரேக் குறைவாக இருக்கிறது அல்லது கை வெடுக்கென்று வீசியிருக்கிறது. பாதி வழியில் விழுந்தால், எதிர்க்காற்று இரையை நிறுத்தியிருக்கும், அல்லது இரை புரண்டு வேகம் இழந்திருக்கும். அப்போது பிரேக்கை இரண்டு எண் கூட்டி, தாழ்வாக வீச வேண்டும். இரை நீரில் விழுந்த பிறகு சிக்கினால், விரல் தாமதமாக அழுத்தியிருக்கிறது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குறை முழுவதும் நீங்காது.

விழுந்த சிக்கைக் கண்ணில் பட்ட வளையங்களைப் பிடித்திழுத்துப் பிரிக்க முயன்றால் அது மேலும் இறுகும். டிராக்கை நன்றாக இறுக்கி, சிக்கின் மேல் கட்டைவிரலைப் பலமாக வைத்து அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும்; பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெல்ல வெளியே இழுக்க வேண்டும். மீண்டும் தடுத்தால் மீண்டும் அதையே செய்ய வேண்டும். பெரும்பாலான சிக்குகள் இப்படியே அவிழ்ந்துவிடும். முன்னெச்சரிக்கையாக, வழக்கமான வீச்சைப் போல ஒன்றரை மடங்கு நரம்பை வெளியே எடுத்துவிட்டு, உருளையில் எஞ்சியிருக்கும் நரம்பின் மேல் ஒரு சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி, அதன்மேல் மீதி நரம்பைச் சுற்றிவிடலாம். எவ்வளவு மோசமான சிக்கானாலும் அந்த நாடாவைத் தாண்டிக் கீழே இறங்காது.

டிராக் என்பது, மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுவதற்கு முன்பே உருளையை வழுக்கிச் சுழலவிடும் அமைப்பு. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம்; 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ தாங்கும் நரம்புக்கு 1.4 முதல் 1.8 கிலோ வரை. இதைக் கையால் ஊகிக்காமல், நரம்பின் முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி இழுத்துப் பார்ப்பது நல்லது. அடர்ந்த செடிகளுக்குள் தடித்த பின்னல் நரம்பால் மீன் பிடிப்பவர்கள் மட்டும், மீனுக்கு ஓட இடமே கொடுக்கக் கூடாது என்பதால், டிராக்கை ஏறத்தாழ முழுவதும் இறுக்கிவிடுவார்கள்.

மீன்பிடித்து முடித்ததும் உள்ளிருக்கும் வளையங்கள் அழுந்திப்போகாமல் இருக்க டிராக்கைத் தளர்த்திவிட்டு, ரீலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலரவிட வேண்டும். உருளையின் தாங்கிகளுக்கு அவ்வப்போது ஒரு துளி இலேசான எண்ணெயும், நரம்பைப் பக்கவாட்டில் சீராகப் பரப்பும் திருகுதண்டுக்கு ஒன்றிரண்டு துளியும் போதும். கியர்களுக்கு எண்ணெய் அல்ல, கிரீஸ்தான் வேண்டும். சுத்தம் செய்து எண்ணெயிட்ட உருளை முன்பைவிட எளிதாகச் சுழலும் என்பதால், நேற்றுவரை சிக்கில்லாமல் வீசிய அதே அளவு இன்று போதாமல் போகலாம். ஆகையால் எண்ணெயிட்ட பிறகு வரும் முதல் நாளில், இரையைத் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்து, பிரேக்கையும் 8இலிருந்தே தொடங்கி இறக்கி வர வேண்டும்.